கட்டைவிரலுக்கு என்ன கணக்கு? மொத்தப் பணமா, மாதப் பணமா

பேர்ணாம்பட்டுக்காரர், வயது 35. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கிளிக்கிங் மெஷினில் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். 2023-ல் வலது கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. கட்டுப் பிரிப்பதற்கு முன்பே கம்பெனி ஆள் ஒரு பத்திரத் தாளையும் கவரையும் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்துவிட்டார். கவரில் 50,000 ரூபாய். "கையெழுத்து போட்டுடுண்ணா, கேசுன்னு அலைய வேணாம்." காயம்பட்டவர் நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பேனாவைச் சொருகிப் பார்த்தார், நிற்கவில்லை. அவர் மனைவி கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்: "அண்ணா, இது சரியான தொகையா?"

இல்லை. கணக்குப் போட்டால் தெரியும். சம்பளம் மாதம் 14,000.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி பார்ப்போம். சம்பளத்தில் 60 சதவீதம் 8,400. வயதுக்கு ஏற்ப அந்தச் சட்டம் தரும் பெருக்கு எண், அதாவது காரணி எண், 35 வயதுக்கு 197.06. இரண்டையும் பெருக்கினால் 16,55,304. கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆக, ஒரே தவணையில் 4,96,591 ரூபாய். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதம்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் மொத்தமாகக் கிடைக்காது. சம்பளத்தில் 90 சதவீதம், அதில் 30 சதவீதம்: மாதம் ஏறத்தாழ 3,780 ரூபாய், ஆயுள் முழுக்க. 11 ஆண்டில் அந்தத் தொகை இழப்பீட்டுப் பணத்தைத் தாண்டிவிடும். அப்போது அவருக்கு வயது 46தான். 4,96,591-ஐ 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 2,900 வரும், முதலும் கையில் நிற்கும் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் அந்த முதல் எத்தனை மாதம் தாங்கும்? அப்புறம், காயம் ஆறும்வரை ஈ.எஸ்.ஐ.யில் 90 சதவீதச் சம்பளம் வரும், இழப்பீட்டுச் சட்டத்திலோ பாதிச் சம்பளம்தான். என்னைக் கேட்டால் இளம் வயதுக்காரருக்கு மாதப் பணமே மேல்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேல் போன வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் 100 சதவீத இழப்பு என்றதை உச்ச நீதிமன்றம் 1976-ல் ஏற்றது. கட்டைவிரல் இல்லாமல் தோலை இழுத்துப் பிடித்து வெட்ட முடியுமா? இழப்பீட்டு ஆணையர் முன்னால் இதைத்தான் வாதாட வேண்டும்.

ஆனால் இதில் எது வேண்டுமென்று தொழிலாளி தேர்ந்தெடுக்க முடியாது. ஈ.எஸ்.ஐ.க்குள் வருபவர் அந்த இழப்பீட்டைக் கேட்கக் கூடாது. 21,000-க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கும், பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும்தான் இழப்பீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தில் எத்தனை சம்பளம் வாங்கினாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுத்தார்கள். மெஷின் ஆபரேட்டர்களுக்கு இது பெரிய அநியாயம்.

முதலாளி ஈ.எஸ்.ஐ. பணம் கட்டாமல் விட்டிருந்தாலும் தொழிலாளியின் உரிமை போகாது. ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் பத்திரமும் செல்லாது.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்களுக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 60 சதவீதக் கணக்கு அதிலும் இருக்கிறது. இவருடைய விபத்து 2023-ல் நடந்ததால் பழைய சட்டமே.

அந்தக் கவரை வாங்கியிருந்தால் விபத்து அறிக்கையே போயிருக்காது. மறுநாளே அறிக்கை எழுத வைத்தோம். மருத்துவ வாரியம் 30 சதவீதம் எழுதியது. இப்போது மாதாமாதம் பணம் பாங்க்கில் ஏறுகிறது. ரேஷன் கடை மெஷினில் மட்டும் இடது கையை வைக்கிறார்.