பென்டாகாம்: கருவிழியின் முதுகையும் காட்டும் கருவி

ஜெர்மனியின் ஒக்குலஸ் நிறுவனம் செய்யும் பென்டாகாமுடன் ஆறு ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறேன். கண்ணாடியை விட லேசர் சிகிச்சை கேட்டு வருபவர்களின் கருவிழியை, அதாவது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலமான கார்னியாவை, படம்பிடித்துப் படிப்பது என் வேலை. கண்ணில் ஒளி வளையங்களை விழவைத்துப் படமெடுக்கும் பழைய வளையக் கருவி முன்பக்கத்தை மட்டுமே காட்டும். இதன் சுழலும் கேமராவோ சுமார் இரண்டே நொடியில் பின்பக்கத்தையும் தடிமனையும் சேர்த்தே தந்துவிடுகிறது.

அதன் அருமை போன ஆடியில் புரிந்தது. ஆவணியில் திருமணம், அதற்குள் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று ஓர் இளைஞர் வந்தார். முன்பக்க வரைபடம் சீராகவே இருந்தது. தடிமன் 512 மைக்ரான், மோசமில்லை. ஆனால் பின்பக்க உயர வரைபடத்தில், மையத்துக்குச் சற்றுக் கீழே, சின்னதாக ஒரு சிவப்புத் தீவு; சிவப்பு என்றால் அங்கே மேடு. கருவிழியின் மிக மெல்லிய புள்ளியும் அங்கேயேதான்.

“கண்ணைக் கசக்குவீர்களா?”

“தினமும்தான், மேடம்.”

கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோயான கூம்பு விழியின் தொடக்கமாக இருக்கலாம், லேசர் வேண்டாம் என்றார் மருத்துவர். மாப்பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது.

குறை என்றால் நிறங்கள்தான். நிற அளவுகோலில் ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறுக்கினால் நல்ல கண்ணும் தீப்பிடித்ததுபோல் தெரியும். அகலமாக்கினால் நோயும் பச்சைக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் எண்களைப் பார்த்த பிறகே நிறத்தைப் பார்க்கிறேன். முந்தைய நாள்வரை காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தவரின் படத்தை நம்பவே மாட்டேன். படத்தின் தரத்தைக் கருவியே சொல்லும் குறியீடு மஞ்சளில் வந்தால் மறுபடி எடுத்துவிடுவேன்.

மற்றபடி, மோவாய்த் தாங்கியில் விரிக்கும் தாள்தான் அவசரத்தில் எப்போதும் தீர்ந்துபோகிறது.