வைகாசித் தீவனம்: தட்டா, வைக்கோலா, பச்சைப் புல்லா?

வைகாசி பாதி தாண்டிவிட்டால் எங்கள் காங்கயம் பக்கத்துத் தோட்டங்களில் ஒரே பேச்சுதான், அடுக்கி வைத்த தட்டுப்போரில் இன்னும் எத்தனை நாளைக்குத் தீவனம் இருக்கிறது என்பது. கத்திரி முடிந்திருக்கும், மழை வந்திருக்காது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் முந்திக்கொண்டு வந்துவிடும். கொறங்காட்டில், அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் தூரோடு காய்ந்து கிடக்கும். அப்புறம் மாட்டுக்கு மூன்றே வழி: தையில் போர் போட்ட சோளத்தட்டு, லாரியில் வரும் வைக்கோல், கிணற்று மேட்டில் நிற்கும் கோ-4 புல். மூன்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. எது நல்லது என்று கேட்டால் ஆளாளுக்குப் பால் கணக்குச் சொல்வார்கள். நான் இந்த மாதத்தில் பார்ப்பது கிணற்றில் எவ்வளவு தண்ணீர், என் இடுப்பு எவ்வளவு தாங்கும் என்பதைத்தான்.

பச்சைப் புல்லில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஏமாந்தது அதில்தான். கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்டது. கரணை (தண்டுத் துண்டு) நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒன்று. தண்ணீர் இருந்தால் இதை அடிக்க ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். 350 கிலோ எடையுள்ள கலப்பின மாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ உலர் தீவனம் வேண்டும், அதைப் புல்லாகவே கொடுத்து முடிக்க 50 கிலோ அறுக்க வேண்டும். இரண்டு மாட்டுக்கு 100 கிலோ. விடிகாலையில் சாணி அள்ளி, பால் பீச்சி, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, வெயில் ஏறுவதற்குள் 100 கிலோ அறுத்துத் தலைச்சுமையாகக் கட்டுத்தரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதை ஒரு வாரம் செய்து பாருங்கள், தெரியும். இதில் வைகாசியில் மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினாலே கிணறு காற்று வாங்கும். பத்து நாளுக்கொரு தண்ணீர் பாயாத புல் 45 நாளில் முழங்கால் கூடத் தாண்டுவதில்லை.

வைக்கோலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெஷினில் சுருட்டிய ரோல் கட்டு, தூக்க வசதி, அடுக்க வசதி. ஆனால் புரதம் நூற்றுக்கு மூன்று நான்குதான், வயிற்றை நிரப்பும், அவ்வளவே. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்தால் சத்து கூடும். அளவு பிசகினால் மாட்டுக்கு ஆபத்து, கன்றுக்குட்டி பக்கமே கொண்டுபோகக் கூடாது. போன வருஷம் வாங்கிய லோடில் நடுக்கட்டில் கை வைத்தால் அடுப்பு மாதிரிச் சுட்டது, பிரித்தால் உள்ளே வெள்ளைப் பூஞ்சை. ஈரத்தோடு சுருட்டியிருக்கிறார்கள். பதினோரு கட்டு குப்பைக் குழிக்குப் போனது. நல்ல கட்டாகவே இருந்தாலும், இந்தக் காற்றில் கயிற்றை அறுத்த நிமிஷம் பாதி வேலி முள்ளில் போய் மாட்டிக்கொள்ளும்.

சோளத்தட்டு வேறு ஜாதி. புரட்டாசி மழைக்கு மானாவாரியாக நெருக்கி விதைத்து, அறுத்துக் காயவைத்து, கட்டுக் கட்டிப் போர் போடுவதோடு அதன் வேலை முடிந்தது. வேனலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காது. அப்பாரு (தாத்தா) போருக்கு அடியில் கல் பரப்பி, அதன் மேல் வேலாங்கட்டை போட்டுத்தான் முதல் தட்டுக்கட்டு வைக்கவே விடுவார், இல்லையென்றால் கீழ்வரிசை கரையானுக்குப் போய்விடும். உருவும்போது மேலிருந்து உருவ வேண்டும், அதுவும் ஒரு குச்சியால் தட்டிவிட்டு. தட்டுப்போரின் நிழலைத் தேடி வருவது பூனை மட்டுமல்ல.

குறை இல்லாமல் இல்லை. முழுத்தட்டாகப் போட்டால் மாடு தோகையைத் தின்றுவிட்டு அடித்தண்டைத் தீவனக் காடியிலேயே விட்டுவிடும், எங்கள் வீட்டில் கால்வாசி அப்படிப் போனது. 2 எச்.பி. மோட்டார் வெட்டும் மெஷின் வாங்கிய பிறகு அந்தக் கூளம் கைப்பிடி அளவுக்குக் குறைந்தது. கரண்ட் வரும் நேரம் பார்த்து இரண்டு நாளுக்கு வெட்டி வைத்துவிடலாம். இன்னொரு குறை, வெறும் காய்ந்த தீவனத்திலேயே மாசக்கணக்கில் ஓட்டினால் வைட்டமின் ஏ போதாமல் போகும், மாடு சினைக்கு வருவதும் தள்ளிப்போகும். அதற்குத்தான் புல்.

அதனால் என் கட்டுத்தரையில் இப்போதைய கணக்கு, மாட்டுக்கு 7, 8 கிலோ வெட்டிய தட்டு, மேலே 10 கிலோ பச்சைப் புல், பீச்சும் நேரத்தில் புண்ணாக்கும் தவிடும். புல் குறைந்த அன்று ஒரு கை சவுண்டல் மரத்தழை. புல்லுக்காகக் கிணற்றை வற்றவைப்பதில்லை, அந்தத் தண்ணீர் தாழிக்கு வேண்டும். இந்த வெயிலில் ஒரு கறவை மாடே 70, 80 லிட்டர் குடிக்கிறது. வைக்கோல், போர் தரை தட்டினால் மட்டும்.

தட்டை இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். காய்ந்த சோளம் வேறு, பச்சைச் சோளம் வேறு. சித்திரையில் பெய்த ஒரு மழையை நம்பி விதைத்து, வாடி நிற்கும் இளம் பயிரிலும், அறுத்த தூரில் மழைக்குப் பிறகு துளிர்க்கும் குருத்திலும் சயனைடு விஷம் ஏறி நிற்கும். பார்க்க ஆசையாக இருக்கும், பத்து வாய் தின்ற மாடு மருத்துவர் வருவதற்குள் விழுந்துவிடலாம். பூ எடுக்கும்வரை அந்தப் பக்கம் மாட்டை விடக் கூடாது. எங்கள் தெற்கு வயலில் இப்போது அப்படி ஒரு முழங்கால் பயிர் நிற்கிறது. கிடாரி அதைப் பார்த்தே கத்துகிறது, நான் அதன் தாம்புக்கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறேன்.