படை கிளம்பும்போது எதை விட்டுப் போகிறது? காபூல் 1989, பாக்தாத் 2011, காபூல் 2021

1989 பிப்ரவரி 15. சோவியத் தளபதி போரிஸ் குரோமோவ் ஆப்கன் எல்லையில் ஓடும் ஆமு தர்யா ஆற்றுப் பாலத்தைக் கடந்து சோவியத் எல்லைக்குள் தெர்மெஸ் பக்கம் இறங்குகிறார். 2021 ஆகஸ்ட் 30. காபூல் விமான நிலையத்தில், இரவுக் கேமராவின் பச்சை வெளிச்சத்தில், அமெரிக்கத் தளபதி கிறிஸ் டொனஹ்யூ கடைசி ஆளாக விமானம் ஏறுகிறார். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரஷ்யன் கௌரவமாகப் போனான், அமெரிக்கன் ஓடிப்போனான்" என்று சொல்வது நம் டீக்கடை வரை வந்துவிட்ட தீர்ப்பு.

படத்தை விட்டுவிடுவோம். சோவியத் படை போன பிறகு அது ஆதரித்த ஆப்கன் அதிபர் நஜிபுல்லாவின் ஆட்சி மூன்று வருடம் இரண்டு மாதம் நின்றது. அமெரிக்கர்களின் கடைசி விமானம் கிளம்புவதற்குப் பதினைந்து நாள் முன்பே அமெரிக்கா ஆதரித்த ஆப்கன் அதிபர் அஷ்ரஃப் கனி நாட்டைவிட்டுப் போய்விட்டார். ஒரே நாடு, ஏறக்குறைய அதே நிலம். ஏன் இந்த வித்தியாசம்?

என் பதில் கொஞ்சம் கணக்குப்பிள்ளைத்தனமானது. சிப்பாய் போவது ஒன்று. டீசலும் சம்பளமும் மெக்கானிக்கும் போவது வேறொன்று.

சோவியத் சிப்பாய்கள் போனார்கள், சரக்கு விமானங்கள் போகவில்லை. கோதுமை, எரிபொருள், ஆயுதம், ஸ்கட் ஏவுகணை எல்லாம் காபூலுக்கு வந்துகொண்டே இருந்தன. 1989 மார்ச்சில், பாகிஸ்தானும் அமெரிக்காவும் ஆதரித்த கிளர்ச்சிப் படைகளான முஜாஹிதீன்கள், கிழக்கு ஆப்கன் நகரமான ஜலாலாபாத்தை முற்றுகையிட்டார்கள். சில வாரங்களில் ஊர் விழும், அடுத்து காபூல் என்று இஸ்லாமாபாதும் வாஷிங்டனும் நம்பின. விழவில்லை. ஆப்கன் ராணுவம் தனியாக நின்று சண்டை போட்டது.

பிறகு சோவியத் ஒன்றியமே கலைந்தது. இரு தரப்பும் ஆயுத உதவியை நிறுத்துவதாக அமெரிக்காவுடன் செய்த ஒப்பந்தம் 1992 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. விமானப்படைக்கு எரிபொருள் இல்லை, வடக்கே நஜிபுல்லாவுக்காகச் சண்டை போட்ட உஸ்பெக் தளபதி தோஸ்தமின் படைக்குக் கொடுக்கப் பணம் இல்லை. தோஸ்தம் கட்சி மாறினார். ஏப்ரலில் கதை முடிந்தது. அடுத்த நான்கு வருடம் முஜாஹிதீன் குழுக்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதில் காபூலின் பாதி இடிந்தது. அந்தக் குழப்பத்தில்தான் தலிபான் பிறந்தது. 1996 மே மாதம் பின்லாடன் ஜலாலாபாத் வந்து இறங்கினார்.

2021-இல் நடந்தது இதன் தலைகீழ். 2020 பிப்ரவரி 29 அன்று கத்தார் தலைநகர் தோஹாவில் அமெரிக்காவும் தலிபானும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சிப்பாய்களை மட்டும் வெளியேறச் சொல்லவில்லை. ஒப்பந்த ஊழியர்கள், பயிற்சியாளர்கள், ஆலோசகர்கள் எல்லோரும் போக வேண்டும். காபூல் அரசு அதில் ஒரு தரப்பே இல்லை. ஆனால் 5,000 தலிபான் கைதிகளை விடுதலை செய்யும் வேலை மட்டும் அதன் தலையில் விழுந்தது.

ஒப்பந்த ஊழியர் போனால் என்ன ஆகும்? ஆப்கன் மெக்கானிக்குகளுக்குக் கைவந்தது ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகாப்டர். அதை ஓரங்கட்டிவிட்டு அமெரிக்க ஹெலிகாப்டரான பிளாக்ஹாக் கொடுத்தார்கள். பிளாக்ஹாக்கைப் பழுதுபார்க்க வெளிநாட்டு ஊழியர் வேண்டும். அவர் போனதும் ஹெலிகாப்டர் தரையில் நின்றது. மலைக்கு நடுவே தனித்திருந்த சோதனைச் சாவடிக்குத் தோட்டாவும் போகவில்லை, சாப்பாடும் போகவில்லை. சாவடிகள் சண்டையில்லாமல் சரணடைந்தன. ஜூலை தொடக்கத்தில் காபூலுக்குப் பக்கத்திலிருந்த பெரிய விமானத் தளமான பக்ராமை அமெரிக்கர்கள் இரவோடு இரவாகக் காலி செய்தபோது, அங்கே புதிதாகப் பொறுப்பேற்கவிருந்த ஆப்கன் தளபதிக்கே தகவல் இல்லை. ஆப்கன் படையில் காகிதத்தில் மூன்று லட்சம் பேர் இருந்தார்கள். நம்மூர் ரேஷன் கார்டில் செத்துப்போனவர் பெயர் ஓடுவது போல, அதில் எத்தனையோ பெயர்கள் சம்பளத்துக்காக மட்டும் ஓடின.

இராக்கை இந்த வரிசையில் சேர்ப்பது வழக்கம். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். 2011 டிசம்பர் 18 அன்று கடைசி அமெரிக்க வண்டிகள் குவைத்துக்குள் போயின. அந்தத் தேதி ஒபாமா குறித்ததல்ல, 2008-இல் புஷ் காலத்தில் போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. இராக்கிடம் எண்ணெய்ப் பணம் இருந்தது, பஞ்சம் நம்பிக்கையில். மறுநாளே சுன்னிப் பிரிவைச் சேர்ந்த துணை அதிபர் தாரிக் அல் ஹாஷிமிக்குக் கைது வாரண்ட் வந்தது. சுன்னிகளுக்கு ஷியாப் பிரதமர் மாலிக்கி என்ன செய்தி சொன்னார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2014 ஜூனில் வடக்கு இராக்கின் மோசூல் நகரம் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) தீவிரவாத அமைப்பின் கையில் விழுந்தபோது, எண்ணிக்கையில் பலமடங்கு பெரிய ராணுவம் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது. சம்பளப் பட்டியலில் 50,000 போலிச் சிப்பாய்கள் இருப்பதாகப் பின்னால் பிரதமர் அபாதியே சொன்னார். ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் திரும்பி வந்தன. மோசூலை மீட்க 2017 ஜூலை ஆயிற்று.

சரி, ஆப்கானிஸ்தானில் 2,500 அமெரிக்கச் சிப்பாய்களை விட்டுவைத்திருந்தால்? அந்தப் பகுதி அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் மெக்கென்ஸி தன் கருத்து அதுதான் என்று 2021 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சொன்னார். இதை ஆதரிப்பவர்கள், "ஒன்றரை வருடமாக ஒரு அமெரிக்கச் சிப்பாய்கூடச் சண்டையில் சாகவில்லையே" என்பார்கள். உண்மை. ஆனால் சாகாததற்குக் காரணம், நீங்கள் கிளம்பப் போகிறீர்கள் என்று தலிபான் காத்திருந்ததுதான். தோஹா ஒப்பந்தம் வைத்த 2021 மே 1 கெடு தாண்டி இருக்கப்போகிறோம் என்று அறிவித்திருந்தால் அந்தக் கணக்கு மாறியிருக்கும். 2,500 பேரைக் காப்பாற்ற இன்னும் சில ஆயிரம் பேர் வந்திருப்பார்கள். நான் தேர்ந்தெடுத்திருந்தால், சிப்பாய் இல்லாமல் மெக்கானிக்கும் பணமும் இருக்கும்படியான ஓர் ஏற்பாட்டுக்குத்தான் தோஹாவில் மல்லுக்கட்டியிருப்பேன். அதுவும் எத்தனை வருடம் தாங்கியிருக்கும் என்றால், நஜிபுல்லாவைத்தான் கேட்க வேண்டும்.

தூரத்தில் இருந்து டிரோனால் பார்த்துக்கொள்வோம் என்ற வழிக்கு இரண்டு உதாரணங்கள் போதும். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் போட்ட குண்டில் ஏழு குழந்தைகள் உட்படப் பத்து அப்பாவிகள் செத்தார்கள். 2022 ஜூலை 31 அன்று அதே காபூலில் அல் காய்தா தலைவர் ஜவாஹிரி கொல்லப்பட்டார். ஆக, தூரத்திலிருந்து அடிக்க முடிகிறது. அடிக்கும் தேவையும் தீரவில்லை, அல் காய்தா தலைவர் தலைநகரின் நடுவில் குடியிருந்திருக்கிறாரே.

அக்கம்பக்கத்துக்கு என்ன ஆயிற்று? ஐஎஸ்ஸின் ஆப்கன் கிளையான கொராசான் பிரிவு தலிபானுக்கும் பகை. அதன் கை 2024 ஜனவரியில் ஈரானின் கெர்மானில் 90-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற குண்டுவெடிப்பிலும், மார்ச்சில் 140-க்கும் மேற்பட்டோர் செத்த மாஸ்கோ குரோகஸ் அரங்கத் தாக்குதலிலும் தெரிந்தது. இரண்டுக்கும் அமெரிக்கா முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அமெரிக்க உளவுத்துறையின் காது முழுக்க அடைந்துவிடவில்லை, எச்சரிக்கப்பட்டவர்கள் நம்பவில்லை.

அதிகம் அடிவாங்கியது, அதிகம் மகிழ்ந்த பாகிஸ்தான். காபூல் விழுந்த மறுநாள், ஆப்கானியர்கள் அடிமைச் சங்கிலியை உடைத்துவிட்டதாக அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் பேசினார். செப்டம்பர் தொடக்கத்தில் பாகிஸ்தான் உளவுத்துறையான ஐஎஸ்ஐ-யின் அப்போதைய தலைவர் ஃபைஸ் ஹமீது காபூல் ஓட்டலில் டீக் கோப்பையோடு நின்று, எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்றார். 2022 நவம்பரில், பாகிஸ்தான் அரசை எதிர்க்கும் பாகிஸ்தான் தலிபான் (டிடிபி) அமைப்பு அந்த அரசுடனான சண்டை நிறுத்தத்தை முறித்தது. 2023 ஜனவரியில் பெஷாவர் போலீஸ் வளாக மசூதியில் எண்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அமெரிக்கர்கள் விட்டுப்போன துப்பாக்கிகளும் இரவுக் கண்ணாடிகளும் எல்லைக்கு பாகிஸ்தான் பக்கம் தென்படத் தொடங்கின. 2025 அக்டோபரில் பாகிஸ்தான் ராணுவமும் ஆப்கன் தலிபானும் எல்லையில் நேருக்கு நேர் சுட்டுக்கொண்டன. இரு நாட்டு எல்லையிலுள்ள தோர்கம் வாசல் மூடப்பட்டது, லாரிகள் வரிசையில் நின்றன. சண்டை நிறுத்தம் பேச இருவரும் போய் உட்கார்ந்த ஊர், மறுபடியும் தோஹா.