ஆளில்லாக் கடையில் ஒரு பேனா

என் மகள் படிக்கும் பள்ளியின் நேர்மைக் கடையில் விற்பவர் எவரும் இல்லை; மேசையொன்றில் பேனா, பென்சில், நோட்டு ஆகியவையும், விலைப்பட்டியலும், மூடியில் துளையிட்ட பழைய பிஸ்கட் டப்பாவும் மட்டுமே இருக்கின்றன. பொருள்களின் தரத்தில் குறையில்லை. சில்லறைதான் சிக்கல்: 7 ரூபாய்ப் பேனாவுக்குப் பத்து ரூபாய் போட்ட நான், மீதியை டப்பாவைத் திறந்து எடுப்பது முறையா என்று தயங்கி, அப்படியே வந்துவிட்டேன்.

அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், தேநீருக்கான காசுப் பெட்டியருகே பூப்படத்துக்குப் பதிலாக மனிதக் கண்களின் படத்தை ஒட்டிய வாரங்களில் ஏறத்தாழ மூன்று மடங்கு பணம் சேர்ந்ததாக 2006இல் ஆய்வாளர்கள் எழுதினர். பின்னர் வந்த ஆய்வுகளில் சில அதை உறுதி செய்யவில்லை. எனக்கோ, மளிகைக் கடைக்காரர் தவறுதலாகக் கூடுதலாகத் தந்த எட்டணாவைத் திருப்பிக் கொடுப்பதற்காக என்னை உச்சி வெயிலில் மறுபடியும் நடக்க வைத்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மகளின் கணக்கு வேறு: டப்பாவில் காசு குறைந்தால் அவள் வகுப்புக்குத்தான் கெட்ட பெயராம். இப்போது கண்காணிப்புக் கேமரா பொருத்தலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாகச் சில்லறைக்கென்று ஒரு கிண்ணம் வைத்தால் போதும்.