காலண்டரில் ஒரு 'நூ': காப்பர் டி-யுடன் 13 வருடம்

எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் மாதம் ஒரு தேதிக்குக் கீழே பென்சிலால் 'நூ' என்று எழுதியிருக்கும். பள்ளிபாளையத்தில், அதுவும் தறிக்காரர் வீட்டில், 'நூ' என்றால் யாருக்கும் பாவு நூல்தான் நினைவுக்கு வரும். "ஏங்கண்ணு, பதினாறாந் தேதி நூல் வருதா?" என்று மாமியார் பல தடவை கேட்டிருக்கிறார். "ஆமாங்கத்தை" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இந்த நூல் வேறு. உண்டாகாமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற, தாமிரக் கம்பி சுற்றிய சின்ன பிளாஸ்டிக் துண்டுதான் காப்பர் டி. அதன் வாலில் தொங்கும் நூல். அது இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்த நாளுக்குத்தான் அந்த 'நூ'.

போன வாரம் சித்தி மகள் ஃபோன் பண்ணி, "காப்பர் டி போட்டிருந்தா உண்டாகவே மாட்டோமாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய பொய். அவளுக்கு அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தத் தடுப்பும் இல்லாமல் இருந்தால் ஒரு வருடத்தில் 100 பெண்களில் 85 பேர் வரை உண்டாகிவிடுவார்கள். காப்பர் டி போட்டவர்களில் முதல் வருடத்தில் 100-க்கு ஒருவர்கூட இல்லை. 1,000 பேரில் 6 முதல் 8 பேர். பத்து வருடம் முழுக்க வைத்திருந்தாலும் 100-க்கு 2 பேர் அளவில்தான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனிலேயே முதல் வருடத்தில் 1,000-க்கு 5 பேர் உண்டாகிறார்கள் என்பதைப் பார்த்தால், வெட்டாமல் தைக்காமல் கிட்டத்தட்ட அதே பலன். கருத்தடை மாத்திரை ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டால் 1,000-க்கு 3 பேர்தான், ஆனால் நிஜ வாழ்க்கையில் 100-க்கு 7 பேர். ஊருக்குப் போகும்போது அட்டையை மறந்து வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். காப்பர் டி-யில் மறப்பதற்கு ஒன்றும் இல்லை. மறக்காமல் இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அது உள்ளேதான் இருக்கிறதா என்பது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2011 நவம்பரில் இரண்டாவது பையன் பிறந்தான். எடை குறைச்சல். இவன் தேறட்டும், ஆபரேஷனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. (ஆண்களுக்குச் செய்கிற ஆபரேஷன் இதைவிடச் சின்னது என்று நர்சம்மா என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் அன்றைக்கு முழுக்கத் தறிப் பட்டறையை விட்டு வரவில்லை.) பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி போடலாம் என்று கேட்டார்கள், சம்மதித்தேன், போட்டார்கள். ஆறு வாரம் கழித்துக் காட்ட வரச் சொன்னார்கள். போனேன். "ஏதாவது தொந்தரவு இருக்குதா?" "இல்லைங்க." "சரி, போயிட்டு வாங்க." யாரும் மேசையில் ஏறச் சொல்லவில்லை, பார்க்கவும் இல்லை.

தொந்தரவு எப்படி இருக்கும்? உள்ளேதான் ஒன்றுமே இல்லையே.

அது தெரிந்தது பையனுக்கு மூன்றாவது தடுப்பூசி போடப் போன அன்று. வேறொரு நர்சம்மா ஊசி போட்டுவிட்டு, "உங்களுக்கு நூல் தட்டுப்படுதா?" என்று கேட்டார். என்ன நூல் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. பிரசவத்தோடு போடும்போது நூல் சில சமயம் மேலேயே சுருண்டு கிடக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி ஸ்கேனுக்கு அனுப்பினார். கர்ப்பப்பை காலி. கர்ப்பப்பையைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போயிருக்குமோ என்று எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். அந்த பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடுமாம். அங்கேயும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு இருந்த நாட்களில் எப்போதோ துணியோடு போயிருக்கிறது. துளைத்துக்கொண்டு போவது அபூர்வம், 1,000-ல் ஒன்றிரண்டு. தானாக வெளியே வந்துவிடுவதுதான் அதிகம், அதிலும் பிரசவத்தோடு போட்டால் இன்னும் அதிகம். அந்த மூன்றரை மாதம் என்னைக் காப்பாற்றியது காப்பர் டி அல்ல, பையனுக்கு வேறு எதுவும் கொடுக்காமல் தாய்ப்பால் மட்டும் கொடுத்தது. ஆறு மாதத்துக்குள், மாதவிலக்கு திரும்பாத வரைக்கும், அதுவே ஒரு கருத்தடைதான்.

2012 ஏப்ரலில் மறுபடி போட்டேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் மேசையில் ஏறினேன். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இரண்டு வகை இலவசமாகப் போடுகிறார்கள்: 375 என்பது 5 வருடத்துக்கு, 380ஏ என்பது 10 வருடத்துக்கு. 380 என்பது அதில் இருக்கும் தாமிரத்தின் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். நான் கேட்டு வாங்கியது 380ஏ. போட அஞ்சு நிமிடம் ஆகியிருக்கும். கர்ப்பப்பையின் ஆழத்தை ஒரு கம்பியால் அளந்தபோது அடிவயிற்றை யாரோ உள்ளிருந்து முறுக்கியது போல ஒரு சுளீர். காப்பர் டி உள்ளே போனபோது அதே மாதிரி இன்னொன்று. எழுந்ததும் கண் இருட்டியது. வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு டீ குடித்த பிறகுதான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். வலியே இருக்காது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தாங்க முடியாது என்பவர்களையும் அப்படியே.

நூல் பார்ப்பதை அந்த நர்சம்மாதான் சொல்லிக்கொடுத்தார். மாதவிலக்கு முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நடுவிரலை உள்ளே விட வேண்டும். மூக்கு நுனி மாதிரி கெட்டியாக ஒன்று தட்டுப்படும், அதுதான் கர்ப்பப்பை வாய். அதன் நடுவில் மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி இரண்டு இழை. தொட்டால் போதும், இழுக்கவே கூடாது. போன மாதத்தைவிட நூல் நீளமாகத் தெரிந்தாலோ, நூலே இல்லாவிட்டாலோ, பிளாஸ்டிக் முனை குத்தினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கும் வரை ஆணுறையில்லாமல் இருக்கக் கூடாது. மாதாமாதம் பார்த்தே ஆக வேண்டும் என்று எல்லா டாக்டர்களும் சொல்வதில்லை. நான் ஒரு தடவை தொலைத்தவள், அதனால் பார்க்கிறேன்.

இனி குறைகள். முதல் ஆறு மாதம் ரத்தப்போக்கு என்னை ஆட்டிவைத்தது. நாலு நாளில் முடிந்துகொண்டிருந்தது ஏழு நாளானது, முதல் மூன்று நாள் ராத்திரி எழுந்து துணி மாற்ற வேண்டியிருந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது, பார்த்தால் ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே. இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, அந்த நாட்களுக்கு மட்டும் டாக்டர் எழுதிக்கொடுத்த மெஃபெனமிக் அமில மாத்திரை என்று சமாளித்தேன். அந்த மாத்திரை வலியோடு போக்கையும் கொஞ்சம் குறைக்கிறது. ஒரு வருடம் கழித்து ஐந்து நாளில் நின்றது, அதன் பிறகு பேச ஒன்றுமில்லை. ஏற்கெனவே போக்கு அதிகம், ரத்தசோகை என்று இருப்பவர்களுக்கு நான் தாமிரத்தைச் சொல்ல மாட்டேன். மிரீனா மாதிரி ஹார்மோன் உள்ள வகை இருக்கிறது. அதில் போக்கு குறையும், சிலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும், கருத்தடைப் பலனும் தாமிரத்தைவிட ஒரு படி மேல்: 1,000-க்கு ஒன்றிரண்டு பேர்தான் உண்டாகிறார்கள். ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.

வீட்டுக்காரர் ஒரு தடவை "என்னவோ குத்துதே" என்றார். நூலைக் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள், சரியாகிவிட்டது.

இப்போது என் நாத்தனார் கதை. அவள் 375 போட்டிருந்தாள். மூன்றாவது வருடம் நாள் தள்ளிப்போனது. காப்பர் டி இருக்கிற தைரியத்தில் இரண்டு மாதம் பேசாமல் இருந்தாள். பிறகு ஸ்கேனில் பார்த்தால் காப்பர் டி கர்ப்பப்பை வாய் வரைக்கும் இறங்கிக் கிடக்கிறது, மேலே குழந்தை. தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து விந்தணுவை முடக்குவதால்தான் அது வேலை செய்கிறது. இறங்கிவிட்டால் அந்தக் காவல் தளர்ந்துவிடும். நூல் வெளியே தெரிந்ததால் டாக்டர் அதை உடனே எடுத்துவிட்டார். எடுப்பதிலும் கலையும் ஆபத்து கொஞ்சம் உண்டு, விட்டுவைத்தால் அதைவிட அதிகம், கிருமித்தொற்றும் சேரும் என்று விளக்கிச் சொல்லித்தான் எடுத்தார். குழந்தை நின்றது. ஊனமாகப் பிறக்கும் என்று சொல்லாத ஆளில்லை. ஒரு குறையும் இல்லை, இப்போது நாலாவது படிக்கிறாள். அவளை நாத்தனார் கொஞ்சும்போது "எம்புள்ள நூத்துல ஒருத்தி" என்பாள். அந்தக் கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும்.

அவளுக்குக் கர்ப்பம் கர்ப்பப்பையில் இருந்தது, அது அதிர்ஷ்டம். காப்பர் டி இருக்கும்போது உண்டானால் கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிடுகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உண்டாவதே அபூர்வம் என்பதால் மொத்தத்தில் குழாய்க் கர்ப்பம் குறைவுதான். ஆனாலும் நாள் தள்ளி, ஒரு பக்கம் அடிவயிறு வலித்தால் அன்றைக்கே போக வேண்டும், சுக்குக் கஷாயம் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

வாட்ஸ்அப்பில் பிறந்த குழந்தை காப்பர் டி-யைக் கையில் பிடித்திருக்கிற மாதிரி ஒரு படம் சுற்றியது, சித்தி மகளும் அதை அனுப்பியிருந்தாள். குழந்தை இருப்பது பனிக்குடத்துக்குள், காப்பர் டி இருப்பது வெளியே. பிறந்த பிறகு யாரோ கையில் வைத்துப் படம் பிடித்ததுதான்.

2022 ஏப்ரலில் பத்து வருடம் முடிந்தது. தேதி எப்படி நினைவிருந்தது என்றால், போட்ட அன்று கொடுத்த கார்டை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தேன். (எனக்குத் தெரிந்து நாலைந்து பேர் தங்களுக்குப் போட்டது அஞ்சு வருடமா பத்து வருடமா என்று தெரியாமல் இருக்கிறார்கள். கார்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.) எடுப்பது போடுவதில் கால்வாசிகூட வலிக்கவில்லை, ஒரு இருமல் இருமச் சொன்னார்கள், வந்துவிட்டது. பார்க்கலாமா என்று கேட்டேன். எவர்சில்வர் தட்டில் வைத்துக் காட்டினார்கள். தீக்குச்சியைவிடச் சின்னது. தாமிரக் கம்பி, பொங்கலுக்குப் பொங்கல் மட்டும் புளி போட்டுத் தேய்க்கிற செப்புக் குடம் மாதிரி கறுத்துப் போயிருந்தது. பத்து வருடம் ஒரு நாள் லீவு போடாமல் வேலை பார்த்தது இதுதானா என்று இருந்தது. அதே மேசையில் புதிதும் போட்டுக்கொண்டேன். எனக்கு அப்போது 40. நாற்பதுக்கு மேல் போட்டால் மாதவிலக்கு நிற்கும் வரை மாற்றாமல் விடலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து படுத்திருந்தேன். மாமியார் சுக்குமல்லிக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நூல் மாத்தியாச்சா கண்ணு?" என்றார். எனக்குக் காபி புரை ஏறிவிட்டது.

"நானும் லூப்பு போட்டவதான். எனக்கு நூலுன்னா என்னன்னு தெரியாதா?"

காப்பர் டி வருவதற்கு முன்னால், 1965-லிருந்தே இங்கே லூப்பு உண்டு. அவர் போட்டது 1974-ல். வெள்ளை பிளாஸ்டிக், பாம்பு நெளிகிற மாதிரி வளைந்திருக்குமாம். நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தியதில் மூணே மாதத்தில் போய் எடுத்துவிட்டார். "எடுத்தேன். அடுத்த வருசமே உன்ற புருசன்." அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பட்டறையிலிருந்து இவர் என்ன என்று எட்டிப் பார்த்தார்.

இப்போது வயது 43. மாதவிலக்கு முன்னே பின்னே ஆக ஆரம்பித்திருக்கிறது. போன மாதம் ஒன்பது நாள் தள்ளிவிட்டது. வயசுதான் காரணம் என்று தெரியும், ஸ்கேன் பார்த்து நாலு மாதம்கூட ஆகவில்லை, நூலும் தட்டுப்பட்டது. இருந்தாலும் மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கிற கார்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, காலையில் முதல் வேலையாக, எல்லோரும் எழுவதற்கு முன் பார்த்தேன்.

ஒரு கோடுதான். காலண்டரில் 'நூ' போட்டுவிட்டு இட்லிச் சட்டியை வைத்தேன்.