மிக்ஸரில் 'உம்' சத்தம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், எர்த் ஒயரையே வெட்டியிருந்தார்கள்

சவுண்ட் மிக்ஸரைப் பழுது பார்க்கக் கொடுக்கப் போகிறவர்களும், கொடுத்து வாங்கி வந்தவர்களும் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். ஒரு உயிர் போயிருக்க வேண்டியது.

என்னுடையது 16 சேனல் அனலாக் மிக்ஸர், பல மைக்குகள், கருவிகளின் ஒலியைச் சேனல் சேனலாக வாங்கிக் கலக்கும் பெட்டி. ஒத்திகையின் நடுவில் யாரோ ஓரத்தில் வைத்த இனிப்பு பானம் சாய்ந்து, ஐந்தாவது சேனலிலிருந்து எட்டாவது வரைக்கும் ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் குமிழ்) இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிட்டது. மேலே துணியால் துடைத்துவிட்டு, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று உடனே ஸ்விட்சைப் போட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் போர்டில் இருக்கும் செம்புத் தடங்கள் மளமளவென்று அரிக்கும், அதிலும் சர்க்கரைத் தண்ணீர் காய்ந்த பிறகும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்படியே கொண்டுபோயிருக்க வேண்டும்.

கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் இரண்டு நாள் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது. ஃபோன் செய்யும்போதெல்லாம் ஒரு காரணம். கடைசியில் கொடுத்த பில்லில் 'சர்வீஸ், பாகங்கள் மாற்றம்' என்று ஒரே வரி. எந்தப் பாகம் என்று கேட்டேன், ஃபேடர், ஐசி எல்லாம் சார் என்றார். பழைய பாகங்கள் எங்கே என்றால் குப்பையில் போட்டாச்சு. லேப்டாப்பை மிக்ஸரோடு இணைத்தால் ஒரு 'உம்' சத்தம் வரும், அதையும் கொடுக்கும்போது சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் அந்தச் சத்தம் சுத்தமாக இல்லை. நல்ல வேலைக்காரர்தான், தாமதமானால் என்ன என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் என் தங்கை பாட வந்தாள். மைக்கில் உதடு பட்டதும் விலகி, "அண்ணா, மைக் கடிக்குது" என்றாள். நான் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நான் ரப்பர் செருப்பு போட்டிருந்தேன், அவள் வெறுங்காலில் நின்றிருந்தாள். அது உறைத்ததும் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

வேறொரு டெக்னீஷியனிடம் கொண்டுபோய் அவர் திறக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பவர் சாக்கெட்டிலிருந்து உலோக உடலுக்குப் போகும் பச்சை-மஞ்சள் ஒயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி வைத்திருந்தார்கள். 'உம்' சத்தம் நின்ற ரகசியம் அதுதான். இரண்டு கருவிகளின் எர்த் வழியாக ஒரு வளையம் உண்டாகி அதில் மின்னோட்டம் சுற்றுவதால் வருகிற சத்தம் அது, ஒரு பக்கம் எர்த்தை அறுத்தால் நிற்கத்தான் செய்யும். ஆனால் இந்த மாதிரி மிக்ஸர்களின் மின்சார நுழைவில் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக உலோக உடலுக்கு எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கும், அதைத் தரைக்குக் கொண்டுபோவது அந்த எர்த் ஒயர். அது அறுந்துவிட்டால் உடல் கிட்டத்தட்ட மெயின்ஸ் வோல்டேஜில் பாதியில் மிதக்கும். மைக்கின் உலோக உடல், கேபிள் ஷீல்டு (கேபிளுக்குள் ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறை) வழியாக மிக்ஸர் உடலோடு சேர்ந்தது. என் தங்கையின் உதட்டைக் கடித்தது அந்தக் கசிவு.

இதோடு நிற்கவில்லை. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்புக் கம்பி. உள்ளே லைவ் ஒயர் எங்காவது உடலில் தொட்டால், எர்த் வழியாகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் உருகி எல்லாம் அணைய வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஒரே ஆள் இரண்டையும் எடுத்துவிட்டார். இன்சுலேஷன் ஒரு இடத்தில் தேய்ந்திருந்தால் முழு மெயின்ஸும் மைக்கில் வந்திருக்கும். ஃபியூஸின் அளவு மிக்ஸரின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. ஆங்கில 'T' எழுத்து போட்டிருந்தால் மெதுவாக உருகும் வகை, அதையேதான் போட வேண்டும்.

மற்றதெல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம், ஆனாலும் ஏமாற்று ஏமாற்றுதான். ஃபேடர் மாற்றினேன் என்றாரே, நான்கில் இரண்டுதான் மாறியிருந்தது, அதுவும் 'A10K' என்று குறித்த ஏ வகை வர வேண்டிய இடத்தில் 'B10K' என்ற பி வகை. ஏ வகை காதுக்கு ஏற்ற வளைவு, பாதி இறக்கினால் 15, 20 டெசிபல் குறையும். பி வகையில் பாதி இறக்கினாலும் 6 டெசிபல்தான், கடைசி ஓரத்தில் போய்ச் சட்டென்று விழும். அந்த இரண்டு சேனலை மட்டும் ஏன் அடக்கவே முடியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. மீதி இரண்டில் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்திருந்தார், இரண்டு நாள் கரகரப்பு போகும், அப்புறம் தூசியெல்லாம் அதில் ஒட்டிச் சேறாகும். போர்டின் அடியில் சர்க்கரைப் பிசின் அப்படியே இருந்தது, சால்டர் புள்ளிகளைச் சுற்றிப் பச்சைப் பாசிபோல.

புது டெக்னீஷியன் போர்டைத் தனியாகக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்து ஒவ்வொரு அங்குலமாகக் கழுவிக் காயவைத்தார், ரிப்பன் கேபிள் இணைப்புகளையும் விடவில்லை. ஆல்கஹால் ஃபேடரின் கிரீஸையும் கரைத்துவிடும் என்பதால் ஃபேடருக்கென்றே இருக்கும் லூப்ரிகன்டைப் பிறகு போட்டார். எர்த் ஒயரைத் திரும்ப இறுக்கி, மீட்டரில் காட்டினார். லேப்டாப்பின் 'உம்' சத்தத்துக்கு, லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் ஒலியை மட்டும் விட்டு அந்த எர்த் வளையத்தை அறுக்கும் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பாக்ஸ் போட்டார், அவ்வளவுதான். இதை முதல் ஆளும் செய்திருக்கலாம்.

முதல் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சத்தம் போகணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார்.

இப்போது நான் எதைக் கொடுத்தாலும் மூடியைத் திறந்து உள்ளே நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்து, சீரியல் எண்ணையும் எடுத்துக்கொண்டுதான் கொடுக்கிறேன். கழற்றிய பாகங்கள் எனக்குத் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குகிறேன். மிக்ஸர் இருக்கும் மேசையில் தண்ணீர் பாட்டில்கூடக் கிடையாது. வேலை முடிந்து அணைத்த பிறகு துணி உறை, ஓடும்போது உறை போட்டால் சூடு வெளியே போகாது.

உங்கள் மிக்ஸர் மூன்று பின் பிளக் உள்ளதா, வெளியே கொடுத்து வாங்கினீர்களா? அடுத்த முறை சொருகுவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, ஓம்ஸில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் இன்னொன்றை மிக்ஸர் உடலில் பெயின்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் மிக்ஸரைத் தொடாதீர்கள், யாரையும் மைக் பிடிக்க விடாதீர்கள்.