41.7 மில்லிகிராம் ஓட்டை: பள்ளிக்கூடக் களத்தில் கேட்டோ-காட்ஸ் கிட்

பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற பூச்சி மாத்திரை வேலை செய்கிறதா என்று கேட்டால், "பூச்சி விழுந்துச்சா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நாக்குப்பூச்சி விழுந்தால் தெரியும். கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் நூல் துண்டு மாதிரி இருக்கும், விழுந்தாலும் யார் கண்ணிலும் படாது. அதனால் மாத்திரையின் வேலையை மலத்தில் இருக்கும் முட்டையை எண்ணித்தான் அளக்க வேண்டும். மதுரையிலிருந்து மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு பையில் தூக்கிக்கொண்டு போய் அதைச் செய்ய, இன்றைக்கும் கேட்டோ-காட்ஸ் கிட்டுக்கு இணையாக மலிவான சாமான் இல்லை. தாராளமாக வாங்கலாம். ஆனால் ஆய்வில் மாத்திரை மேல் விழும் பழி பல நேரம் கிட்டைப் பிடித்த கைக்குச் சேர வேண்டியது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

1954இல் ஜப்பானில் கேட்டோவும் மியுராவும் கண்ட, மலத்தை ஸ்லைடில் தடிப்பாகப் பூசிப் பார்க்கும் முறையை, 1972இல் பிரேசிலில் காட்ஸ் குழுவினர் அளவுக்குள் கொண்டுவந்தார்கள். கிட்டில் இருப்பது நாலே பொருள்: 1.5 மில்லிமீட்டர் தடிப்பில் 6 மில்லிமீட்டர் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டெம்ப்ளேட், நைலான் சல்லடைத் துணி, சிறு கரண்டி, செலோபேன். ஓட்டை நிறைந்தால் 41.7 மில்லிகிராம் மலம். எண்ணிய முட்டையை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான முட்டை எண்ணிக்கை வந்துவிடும். 20, 50 மில்லிகிராம் டெம்ப்ளேட்டுகளும் சந்தையில் உண்டு. அவற்றுக்குப் பெருக்க வேண்டியது 50, 20. ஒரே ஆய்வில் இரண்டு வகையைக் கலந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் 24ஆல் பெருக்கினால் அப்புறம் எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது.

டெம்ப்ளேட்டைக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் ஓட்டை அகன்றுவிடும். 6 மில்லிமீட்டர் 6.4 ஆனால் கொள்ளளவு 14% கூடிவிடும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வெர்னியர் காலிபரால் ஒவ்வொன்றையும் அளந்து, சந்தேகப்பட்டதை உடைத்துப் போடுங்கள். எடையாகவே பார்க்க வேண்டுமானால் பிசைந்த கோதுமை மாவை எல்லா டெம்ப்ளேட்டிலும் நிரப்பி, மில்லிகிராம் தராசில் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். (மதுரைத் தெற்காவணி மூல வீதி நகைக் கடைகளில் அந்தத் தராசு இருக்கும். மாவு உருண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

கிட்டில் சீக்கிரம் தீர்வது செலோபேன். தீர்ந்ததும் விளக்குத்தூண் பக்கம் போய்ப் பரிசுப் பொருள் சுற்றும் கண்ணாடித் தாளை வாங்கி வெட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். பார்க்க ஒன்று போலவே இருக்கும். அதில் பெரும்பாலானவை பிளாஸ்டிக், கிளிசரினைக் குடிக்காது. குடிக்காத தாளுக்கு அடியில் மலம் தெளியாது, முட்டையும் தெரியாது. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் நிஜ செலோபேன் துவண்டு மெத்தென்றாகும். நெருப்பில் காட்டினால் காகிதம் மாதிரி எரியும். பிளாஸ்டிக் உருகிச் சுருளும். 40 முதல் 50 மைக்ரான் தடிப்பில் நல்ல செலோபேனைத் தனியாக வரவழைத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

ஊறவைக்கும் கரைசல்: கிளிசரின் 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி, 3% மாலகைட் பச்சைக் கரைசல் 1 மில்லி. தாளை அதில் குறைந்தது 24 மணி நேரம் மூழ்க வையுங்கள். காலையில் ஊறப்போட்டு மதியம் எடுத்தால் வேலைக்கு ஆகாது. மாலகைட் பச்சை கையிலும் துணியிலும் படக் கூடாத சாயம், கையுறை கட்டாயம்.

செய்முறை எளிது, பிசகும் இடங்கள் இரண்டு. பழைய செய்தித்தாள் மேல் கொஞ்சம் மலத்தை வைத்துச் சல்லடைத் துணியை மேலே அமுக்கி, வழிந்து வருவதைக் கரண்டியின் பக்கவாட்டால் வழித்து, ஸ்லைடு மேல் வைத்த டெம்ப்ளேட் ஓட்டையில் நிரப்புகிறோம். இங்கே முதல் பிசகு: ஓரத்தில் காற்று நின்றுவிட்டால் அளவு குறையும், மேலே குவிந்தால் கூடும். கரண்டியைக் கிடையாக வைத்து ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும். பிறகு டெம்ப்ளேட்டை நேராக மேலே தூக்கி, செலோபேனை மூடி, ஸ்லைடைக் கவிழ்த்து, வழவழப்பான தளத்தில் அமுக்க வேண்டும். பூச்சுக்கு அடியில் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து படிக்க வர வேண்டும், அதுதான் தடிப்புக்கு அளவுகோல். ஸ்லைடைப் பிரிக்கும்போது மேலே பிடுங்கினால் செலோபேனும் கூடவே வரும், பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். தண்ணியாகப் போகிற மலத்துக்கு இந்தக் கிட் ஆகாது. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை அந்தச் சுற்றில் சேர்க்காமல் விடுவதே முறை.

இனி இரண்டாவது பிசகு, கடிகாரம். தமிழ்நாட்டில் அதிகம் கவலைப்பட வேண்டியது கொக்கிப்புழு, அதன் முட்டை ஓடு மெல்லிசு. கிளிசரின் மலத்தைத் தெளியவைக்கிற வேகத்தில் முட்டையையும் கரைத்துக் காணாமல் செய்துவிடும். ஸ்லைடு போட்ட 30 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் எண்ணி முடிக்க வேண்டும். சித்திரை வெயிலில், மின்விசிறிக்கு அடியில் இன்னும் சீக்கிரம். நாக்குப்பூச்சி, சாட்டைப்புழு முட்டைகளுக்குக் கெட்டி ஓடு, மறுநாள்கூடப் பார்க்கலாம். ஒரு ஸ்லைடை ஒழுங்காகப் படிக்கப் பத்து நிமிடம் என்று வைத்தால், ஒரு மைக்ராஸ்கோப்புக்கு ஒரே தடவையில் மூன்று ஸ்லைடுக்கு மேல் போடக் கூடாது என்பது கணக்கிலேயே வந்துவிடுகிறது. காலையில் உட்கார்ந்து நாற்பது ஸ்லைடு போட்டு வரிசையாக அடுக்கி, சாப்பிட்டுவிட்டு வந்து எண்ணுகிற பழக்கம்தான் இந்த வேலையைக் கெடுப்பது. சாம்பிளும் அப்படித்தான்: வெயிலில் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அன்றே முடியுங்கள். பிள்ளையின் எண்ணை டப்பாவின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் வேண்டாம். மூடிகள் மாறும்.

தாமதம் எண்ணிக்கையை எப்படிக் கோணலாக்கும் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். கொக்கிப்புழு உள்ள 50 பிள்ளைகளுக்கு மாத்திரைக்கு முன் கிராமுக்குச் சராசரி 288 முட்டை, பின்பு 24. குறைவு 91.7%. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டியில் ஆல்பெண்டசோல் என்கிற பூச்சி மாத்திரைக்குக் கொக்கிப்புழு வரம்பு 90%, ஆக மாத்திரை தேறிவிட்டது. முதல் சுற்று ஸ்லைடுகளைத் தாமதமாகப் படித்துப் பாதி முட்டை மறைந்திருந்தால் முன் சராசரி 144, குறைவு 83.3%, அதே மாத்திரை சந்தேகக் கட்டத்தில். இரண்டாம் சுற்றில் தாமதித்தால் பின் சராசரி 12, குறைவு 95.8%, மாத்திரை பிரமாதம். மூன்றிலும் பிள்ளைகளின் குடலில் நடந்தது ஒன்றுதான்.

வரம்பு புழுவுக்குப் புழு வேறு. ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே தடவை கொடுத்தால் நாக்குப்பூச்சிக்கு 95%, சாட்டைப்புழுவுக்கு 50% மட்டுமே எதிர்பார்ப்பு. சாட்டைப்புழுவில் 60% வந்ததைப் பார்த்துப் போலி மாத்திரை என்று புகார் எழுதிவிடாதீர்கள், அதன் இயல்பே அவ்வளவுதான். இன்னொரு பூச்சி மாத்திரையான மெபெண்டசோல் 500 மில்லிகிராமுக்குக் கொக்கிப்புழு வரம்பு 70%.

கணக்குப் போடுவதிலும் வழுக்கல் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் சதவீதம் போட்டு அதைச் சராசரி எடுக்கக் கூடாது. மொத்தக் குழுவின் முன் சராசரி, பின் சராசரி, இரண்டும் சாதாரணக் கூட்டுச் சராசரிதான். முதல் சுற்றில் முட்டை இருந்தவர்கள் மட்டும் கணக்கில் வருவார்கள், பின்பு பூஜ்யமானவர்களும் கட்டாயம் உள்ளே. குறைந்தது 50 பேர் வேண்டும். இரண்டாம் சாம்பிள் மாத்திரைக்குப் பின் 14 முதல் 21 நாளில். அதற்கு முன்னால் எடுத்தால் சாகாத புழுவும் மயங்கி முட்டை போடாமல் இருக்கும், மாத்திரை தன் தகுதிக்கு மேல் மார்க் வாங்கிவிடும். மாத்திரையைக் கண் எதிரே மென்று விழுங்கவைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வாந்தியெடுத்த பிள்ளையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பிப்ரவரி, ஆகஸ்ட் குடற்புழு நீக்கச் சுற்று முடிந்த கையோடு களத்துக்குப் போனால் எண்ணுவதற்கு முட்டையே இருக்காது, சுற்றுக்கு முன்னாலேயே தேதி வாங்குங்கள்.

கிட்டின் பெரிய குறை, அது காணக்கூடிய மிகச் சிறிய எண் 24. ஸ்லைடில் ஒரு முட்டை தவறினாலும் கிராமுக்கு 24 போச்சு. வருடத்துக்கு இரண்டு முறை மாத்திரை சாப்பிடும் பள்ளிகளில் தொற்று லேசாகத்தான் இருக்கும், கிராமுக்கு 2000க்குக் கீழே இருக்கும் கொக்கிப்புழுவுக்கே லேசு என்றுதான் பெயர். அங்கே ஒரே ஸ்லைடை நம்பிக் குணமானவர் விகிதம் சொல்வது அபத்தம். ஒரு சாம்பிளுக்கு இரண்டு ஸ்லைடு, இரண்டு பேர் தனித்தனியாக எண்ணட்டும். பத்தில் ஒன்றை மூத்த டெக்னீசியன் மறுபடி பார்க்கட்டும். கீரிப்பூச்சிக்கு இந்தக் கிட் சுத்தமாக உதவாது: அது ஆசனவாய் ஓரத்தில் முட்டையிடும், காலையில் கழுவுவதற்கு முன் ஒட்டும் டேப்பால் எடுத்துப் பார்க்க வேண்டும். "மாத்திரை போட்டும் பிள்ளைக்கு ராத்திரி அரிக்குது" என்று வரும் அம்மாவுக்கு உங்கள் 91.7% பதிலாகாது.

மாற்று முறைகளும் உண்டு. முட்டையை மிதக்கவைத்து எண்ணும் மினி-ஃப்ளோட்டாக்கில் 2 கிராம் மலத்தை உப்புக் கரைசலில் 10 மடங்காக்கினால் பெருக்கும் எண் 5. லேசான தொற்றுக்குக் கொஞ்சம் நுணுக்கம், ஆனால் சாமான் எளிதில் கிடைக்காது, கழுவும் வேலையும் அதிகம். மலத்தில் புழுவின் மரபணுவைத் தேடும் பிசிஆர் இன்னும் கூர்மை. அதற்கு ஆய்வகமும் குளிர்ச்சங்கிலியும் வேண்டும், வேலூர், ஜவ்வாது மலைப் பகுதிகளில் நடந்த குடற்புழு ஆய்வு போன்ற பெரிய திட்டங்களுக்குக் கட்டுப்படியாகும்.

வாங்கும்போது செலோபேனும் சல்லடைத் துணியும் கணக்கிட்டதைவிடக் கூடுதலாக வாங்குங்கள். டெம்ப்ளேட் மிஞ்சும், அவை இரண்டும் மிஞ்சவே மிஞ்சாது. கிளிசரின், கையுறை, ஸ்லைடு எல்லாம் பெரியாஸ்பத்திரிப் பக்கத்து சர்ஜிகல் கடைகளில் கேளுங்கள். மிஞ்சிய மலம், டப்பா, செய்தித்தாள் எதையும் பள்ளிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். மருத்துவக் கழிவுப் பையில் கட்டி மதுரைக்கே திரும்பக் கொண்டுவர வண்டியில் இடம் ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.